பெரியப்பன் போட்ட ஆறு தோட்டா

பயப்படாதீங்க. உள்ள துப்பாக்கி இல்லீங்க, உறை மட்டுந்தான். நீங்க ஏறி உக்காந்ததிலிருந்து என்ற இடுப்பையே பாத்துட்டு வர்றீங்க, அதான் நானே சொல்லிப்போட்டேன். வேணும்னா தொறந்து காட்டறேன். பாருங்க, மூக்குக்கண்ணாடி. இன்னிக்குக் காத்தால பத்து மணி வரைக்கும் இதுக்குள்ள ரிவால்வர் இருந்துச்சுங்க. இப்பக் கண்ணாடி இருக்குது. சும்மா தொங்கவிட்டா நல்லாருக்காதுன்னு போட்டு வச்சேன்.

வெள்ளகோயில் போறீங்களா? செரி. நான் அதுக்கு முன்னாடியே ஊஞ்சக்காட்டுவலசுப் பிரிவுல எறங்கிருவேன். முக்கா மணி நேரம் இருக்குது. ஒரு நியாயம் சொல்றேன், கேட்டுப்போட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. ஊருக்குள்ள இதைச் சொல்ல முடியாது. உங்களை இனி நான் எங்க பாக்கப்போறேன்.

என்ற பேரு சென்னியப்பன். எம்பது ஆடு இருக்குற பட்டி, பத்து ஏக்கரா காடு. எங்கூரு அங்காளம்மன் நோம்பியில பரிவட்டம் என்ற தலையிலதான் கட்டுவாங்க. பன்னண்டு வருசமா. வர்ற வெள்ளிக்கிழமையும் எனக்குத்தான். அப்பேர்ப்பட்டவன் இன்னிக்கு டவுன் ஸ்டேஷனுக்குப் போறேன், எனக்கு ஒரு சேர் போடலீங்க. என்ற ஊட்டுக்காரிக்குப் போட்டாங்க. அவளுக்கு டீ வேற. நான் செவுத்தோரமா நின்னேன். இதுதான் வழக்கு. அவ முன்னாடி உக்காந்திருக்கறா பாருங்க, பொம்பளைங்க சீட்டுல, பச்சைச் சேலை. மயிலாத்தா.

ரிவால்வர் என்ற பெரியப்பனோடதுங்க. மலை மேல எஸ்டேட்ல மேனேஜரா இருந்தாரு. தொரை சீமைக்குப் போறப்ப இவருகிட்டக் குடுத்துட்டுப் போனது. பெரியப்பனுக்குப் புள்ளை குட்டி இல்லை. அவரு காலமானதும் லைசென்ஸ் என்ற பேருக்கு மாறிருச்சு. எங்க சுத்துப்பட்டுல ஏர்கன் வச்சிருக்கறவன் இருக்கறான், காட்டுப்பன்னிக்கு நாட்டுத்துப்பாக்கி வச்சிருக்கறவன் இருக்கறான். ரிவால்வர் எங்கிட்ட மட்டுந்தான்.

பெரியப்பன் மூளையைப் பத்திச் சொல்லோணுங்க. அப்ப லைசென்ஸ் எழுதுன குமாஸ்தா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். குழல் மேல எழுத்து தேஞ்சு கெடக்குது. முந்நூத்தி இருவதுன்னு தெரிஞ்சுதாம். அப்படி ஒரு அளவே கெடையாது, கடைசிச் சைபரு ஏதோ கீறலா இருக்கும்னு சொல்லி, புஸ்தகத்துல முப்பத்திரண்டுன்னு எழுதிட்டாராம். கடைக்காரன் புஸ்தகத்துல இருக்கற அளவுக்குத்தான் தோட்டா குடுப்பான். வாங்கியாந்து போட்டா, உள்ளயே போகலை. தலையை நுழைச்சுட்டு நிக்குது. இப்ப என்ன பண்றது? புஸ்தகத்தைத் திருத்தோணும்னா மறுக்கா ஆபீசு, மறுக்கா மனு, ஒரு வருசம் நடக்கோணும். பெரியப்பன் ஒரு நாள் பூராவும் யோசிச்சாராம். புஸ்தகத்தைத் திருத்தறதை விடத் துப்பாக்கியைத் திருத்தறது சுளுவு. கோயமுத்தூர்ல பம்புசெட்டுக்கு உருளை கடையற ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனாரு. தோட்டா போடற ஆறு துளையையும் கடைஞ்சு பெருசு பண்ணிக் கொண்டாந்துட்டாரு. அப்பறம் தோட்டா வழுக்கீட்டு உள்ள போச்சு. மூளைன்னா அதுங்க மூளை.

கடைசிக் காலத்துல என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. "சென்னியப்பா, ஆறு தோட்டா உள்ள போட்டு வச்சிருக்கறேன். நீ அதைத் தொறந்து நோண்டாதே." நான் நோண்டவே இல்லீங்க. பெரியவங்க சொன்னா மீறமாட்டேன். எப்படித் தொறக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்கறது வேற விசயம்.

எலெக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எத்தனை எலெக்சன் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் ரைட்டர் அதை உறையோட வாங்குவாரு, கயித்துல அட்டையைக் கட்டுவாரு, உள்ள வச்சுப் பூட்டுவாரு. ஒருத்தரும் தொறந்து பாத்ததில்லை. அவிய என்னை நம்புனாங்க. நான் பெரியப்பனை நம்புனேன்.

இப்பப் பரிவட்டம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி அது என்ற பங்காளி நாச்சிமுத்துகிட்ட இருந்துச்சு. மூணு தலைமுறையா அவங்க ஊட்டுக்குத்தான். எனக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு குறைதான். செரி, அதை உடுங்க.

பன்னண்டு வருசத்துக்கு முந்தி, தீபாவளி நோம்பி முடிஞ்சு நாலாம் நாளு. மத்தியானம் ரெண்டு ரெண்டரை இருக்கும். ஊரே ஒரு கலியாணத்துக்குப் போயிருச்சு. நான் கம்மஞ்சோறும் மோரும் உண்டுபோட்டு முன்கட்டு ஆசாரத்துல கட்டில்ல சாஞ்சிருந்தேன். மயிலாத்தா ஊட்டுக்குப் பின்னால ஏதோ வேலையா இருந்தா. பட்டிக்குப் பக்கத்துல ஒரு வேனு வந்து நிக்குது. நாலு பேரு. ஒருத்தன் கையில அருவா. ஆட்டைக் காலைப் புடிச்சுத் தூக்கித் தூக்கி வேனுக்குள்ள போடறானுங்க. ஆடு திருடறவனுங்க அப்பெல்லாம் அப்படித்தான் பட்டப்பகல்லயே வந்தானுங்க. எங்க பட்டி போச்சுன்னா எங்களுக்குப் பொழப்பே போச்சு. சின்னப் பொண்ணுக்கு அப்பத்தான் தலைப்பிரசவம் பாத்து அனுப்பியிருக்கறேன். அந்த ஆடுகதான் எல்லாமே.

நான் ரிவால்வரை எடுத்துட்டு வாசல்ல எறங்குனேன். அருவாக்காரன் என்னைப் பாத்தான். ரெண்டு எட்டு எடுத்து வச்சான். நான் துப்பாக்கியை நீட்டுனேன். கண்ணை மூடுனேன். குறி பாக்கறப்ப ஒரு கண்ணை மூடறாங்க இல்லீங்களா, நான் ரெண்டையும் மூடிட்டேன், அவசரத்துல. விசையை அமுக்குனேன். ஒரு சத்தம் கேட்டுது பாருங்க. ஊடே ஆடிப்போச்சு. ஓட்டு மேல இருந்த புறா அத்தனையும் பறந்துருச்சு. கண்ணைத் தொறந்தா வேனு காட்டு வழியில ஓடுது, ஆட்டையெல்லாம் கீழ தள்ளிட்டு. ஒரு ஆடு கூடப் போகலை.

சத்தம் பின்னாடி மாடு கட்டற கட்டுத்தரைப் பக்கம் இருந்து வந்தாப்பல இருந்துச்சு. அது அப்படித்தானுங்க. துப்பாக்கிச் சத்தம் போயி எங்காச்சும் மோதித் திரும்பி வரும், அதனால பின்னாடி கேக்கும். எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னிக்குன்னு பாத்து இவ வேற, எண்ணெய்ச் சட்டியில கையை உட்டுட்டா. நான் ஊட்டுக்குள்ள ஓடியாறேன், ஜெயிச்சவன் கணக்கா. இவ வலது கையைத் துணியில சுத்திட்டு அடுப்படியில உக்காந்திருக்கறா. என்னாச்சு அம்மணின்னேன். "எண்ணெய் பட்டிருச்சுங்க மாமா"ன்னா. கட்டைவெரலும் ரெண்டு வெரலும் வெந்துபோச்சு. துப்பாக்கிச் சத்தத்துல பதறி இருப்பா, பாவம். பொம்பளைங்க தாங்க மாட்டாங்க. அந்த வெரலுக இன்னிக்கு வரைக்கும் மடங்காது. கட்டுத்தரையில ஒரே காயிதக் குப்பை வேற, தொட்டித் தண்ணி மேலெல்லாம் பச்சையும் செகப்பும். நோம்பிக்கு வந்த பெரிய பொண்ணோட பேரன் பேத்திக உட்டுட்டுப் போன குப்பைன்னு நான்தான் கூட்டித் தள்ளுனேன். அவளுக்குத்தான் கை முடியலையே. நான் அப்படியெல்லாம் ஒத்தாசை பண்ணுவேனுங்க.

பொழுதோட ஊர்க்காரங்க வந்தாங்க. என்னைத் தோள்ல தூக்காத கொறை. நான் ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதிக் குடுத்தேன், "தற்காப்புக்காக ஒரு ரவுண்டு சுட்டேன்"னு. நகல்ல சீல் வாங்கிக் கண்ணாடி போட்டு ஆசாரத்துல மாட்டியிருக்கறேன். அடுத்த மாசி நோம்பியில ஊர்க்கூட்டம் போட்டு, பட்டியைக் காத்தவன் இவன், பரிவட்டம் இவனுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. நாச்சிமுத்து துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போனான். அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம் என்ற கலியாணத்தன்னிக்குக் கூட இருந்ததில்லீங்க. அதை மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

இப்ப இந்த எலெக்சனுக்கு ஒப்படைக்கப் போனேன். புதுசா ஒரு எஸ்.ஐ. அம்மா வந்திருக்குது, தேன்மொழின்னு. சின்ன வயசு. உறையில இருந்து வெளிய எடுங்கன்னுச்சு. இதுக்கு முந்தி யாரும் அப்படிச் சொன்னதில்லீங்கன்னேன். "நான் சொல்றேன்"னுச்சு. லைசென்ஸ் புஸ்தகத்தையும் குழலையும் பூதக்கண்ணாடி வச்சு மாத்தி மாத்திப் பாத்துச்சு. "ரெண்டும் வேற வேறயா இருக்குதே. இது என்ன துப்பாக்கி, இதுல என்ன தோட்டா சுடலாம்னு ஒரு டீலர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னு கடுதாசி குடுத்து, கூட ஒரு போலீஸ்காரரையும் அனுப்பிச்சுது.

கோயமுத்தூர்ல சமது பாயின்னு ஒருத்தரு, நாப்பது வருசமாத் துப்பாக்கிக் கடை. மொதல்ல அவரு கேட்டது, "உள்ள தோட்டா இருக்கா?" இருக்குதுங்க, அஞ்சு, ஒண்ணு சுட்டாச்சுன்னேன். அவரு மொகம் மாறிப்போச்சு. குழலைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சுட்டு, "தொறந்து தோட்டாவை வெளிய எடுங்க"ன்னாரு. நான் அதை இப்படிப் பாத்தேன், அப்படிப் பாத்தேன். அவரு கையை நீட்டி வாங்கிட்டாரு.

துரு புடிச்சுக் கெடந்துச்சுங்க. எண்ணெய் உட்டு, தட்டி, அரை மணி நேரம் கழிச்சுத்தான் தொறந்துச்சு. ஒவ்வொண்ணாக் குச்சியில தள்ளித் தள்ளி எடுத்து மேசை மேல வச்சாரு. பச்சை பச்சையாப் பாசி புடிச்சாப்பல. ஒண்ணு, ரெண்டு, மூணு. அஞ்சோட நிக்கும்னு நான் பாக்கறேன். ஆறாவதையும் எடுத்து வச்சாருங்க.

"ஆறும் சுடாத தோட்டா"ன்னாரு.

அப்பறம் ஒரு அளக்கற கருவியை எடுத்துத் துளையை அளந்தாரு. துளைக்கும் துளைக்கும் நடுவுல இருக்கற இரும்பை அளந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுக்கா அளந்தாரு. "இதை யாரு கடைஞ்சது?"ன்னு கேட்டாரு. நான் பெருமையாத்தான் சொன்னேன், பெரியப்பன் கதையை. பாய் தலையில கை வச்சுட்டாரு.

"அண்ணே, இது முந்நூத்தி இருவதுதான். குமாஸ்தா கீறல்னு சொன்னாரே, அது கீறல் இல்லை. கருமருந்துக் காலத்து இரும்பு இது. அதுக்குன்னு ஒரு சின்னத் தோட்டா இருந்துச்சு. முப்பத்திரண்டு வேற, இது வேற. உள்ள போகலைன்னா அது துப்பாக்கி நமக்குச் சொல்ற புத்தி. நீங்க அதோட வாயைக் கடைஞ்சுட்டீங்க. இப்ப நடுவுல இருக்கற இரும்பு வெங்காயத் தோலாட்டம் இருக்குது. இந்தத் தோட்டாவை இதுல சுட்டிருந்தா எதிர்ல நின்னவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. உங்க கையில மூணு வெரல் போயிருக்கும்."

செரி, இதுக்கு எந்தத் தோட்டா போட்டாப் பத்திரம்னு கேட்டேன். லெட்டர்ல அதானே வேணும்? பாய் என்னையே பாத்தாரு. "எதையும் போடாம இருந்தாப் பத்திரம். உள்ள போகுதுங்கறதுக்காகச் சுடலாம்னு ஆயிடாது. கடைஞ்ச பிறகு இதுக்குன்னு செஞ்ச தோட்டாவைக் கூடச் சுடக்கூடாது"ன்னாரு. விசையை வேற அமுக்கிப் பாத்தாரு. அசையலை. "இது அசைஞ்சே இருவது வருசத்துக்கு மேல இருக்கும்." நான் அமுக்கினேனேங்கன்னேன். "நீங்க அமுக்கியிருப்பீங்க. அது அமுங்கலை"ன்னாரு. அந்தப் போலீஸ்காரன் சிரிச்சதைத்தான் என்னால பொறுக்க முடியலை.

நீங்களே சொல்லுங்க. சத்தத்துல ஊடே ஆடுச்சு. வேனு ஓடிப்போச்சு. நான் சுடலைன்னா யாரு சுட்டது? எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. நாச்சிமுத்து ஆளு வச்சு, சுட்ட தோட்டாவை எடுத்துட்டு ஆறாவதா ஒண்ணைப் போட்டிருப்பான். எம்மேல அவ்வளவு வயித்தெரிச்சல் அவனுக்கு. அதை எஸ்.ஐ. அம்மாகிட்டவும் சொன்னேன். "துருப் புடிச்சுத் தொறக்க முடியாததை அவரு எப்படித் தொறந்தாரு?"ன்னுச்சு. அதுக்காக அவன் நல்லவன்னு ஆயிருமா?

இன்னிக்குக் காத்தால ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. இவளையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, அன்னிக்கு ஊட்டுல இருந்த இன்னொரு ஆளுன்னு. மேசை மேல பாய் குடுத்த லெட்டரு ஒரு பக்கம், பன்னண்டு வருசத்துக்கு முந்தி நான் குடுத்த மனு ஒரு பக்கம். எஸ்.ஐ. அம்மா சொல்லுச்சு. "சுட்டேன்னு சொன்னீங்கன்னா, ஆறாவது தோட்டா லைசென்ஸ் இல்லாம எங்கிருந்து வந்துச்சுன்னு கேஸ் போடணும். சுடலைன்னு சொன்னீங்கன்னா, பழைய மனு பொய்யின்னு எழுதிக் குடுக்கணும். எதுன்னு சொல்லுங்க."

கேஸுன்னா வெள்ளிக்கிழமை பரிவட்டம் கெடையாது, ஜெயிலுக்குப் போறவன் தலையில எவன் கட்டுவான். சுடலைன்னாலும் கெடையாது. ரெண்டு பக்கமும் நாச்சிமுத்து நின்னுட்டுச் சிரிக்கறாப்பல இருந்துச்சு.

அப்ப மயிலாத்தா பேசுனா. கூட்டத்துல பேசவே மாட்டா, அவ பேசுனா.

"அவரு சுடலீங்க. நான்தான் வெடி போட்டேன். பேரனுக உட்டுட்டுப் போன அணுகுண்டு டப்பாவுல இருந்துச்சு. அருவாக்காரன் இவருகிட்ட வர்றதை ஊட்டுச் சந்து வழியாப் பாத்தேன். இவரு கண்ணை மூடிட்டு நிக்கறாரு. அடுப்புல எரிஞ்ச கொள்ளியில பத்த வச்சுக் கட்டுத்தரைப் பக்கம் வீசப்போனேன். திரி சின்னது, கையை உட்டுப் போறதுக்குள்ள வெடிச்சிருச்சுங்க. அவருகிட்டச் சொல்லலை. அவரு ரொம்ப சந்தோசமா இருந்தாரு. எதுக்குக் கெடுக்கோணும்னு இருந்துட்டேன்."

எவ்வளவு கோர்வையாப் பொய் சொல்றா பாருங்க! புருசனைக் காப்பாத்தோணும்னு நின்ன நெலையில ஒரு கதையைக் கட்டிட்டா. நாப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன், இவளுக்கு இப்படி ஒரு சாமர்த்தியம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ்வளவு பாசம்.

எஸ்.ஐ. அம்மா இவ கையையே பாத்துட்டு இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சுப் போயி, தானே ஒரு சேரைத் தூக்கியாந்து இவளுக்குப் போட்டுச்சு. "அம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்க"ன்னுச்சு. எனக்கு இல்லீங்க. இதைத்தான் நான் உங்ககிட்டக் கேக்க வந்தேன். ரிவால்வரை வாங்கி வச்சுட்டாங்க, செரி. அது இனிச் சுட லாயக்கில்லைன்னு எழுதிட்டாங்க, செரி. கேஸ் இல்லை, நான் சத்தத்துல ஏமாந்து மனுக் குடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்தோட உட்டுட்டாங்க, அதுவும் செரி. சேர் போட்டா என்ன கொறைஞ்சு போகுது?

இவளும் கையெழுத்துப் போடோணும்னாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்து முத்து முத்தா இருக்கும். பேனாவைப் புடிச்சுப் பாத்தா. நிக்கலை. இடது கையில கைநாட்டு வச்சா.

அப்ப அந்தம்மா எம்பக்கம் திரும்பி ஒண்ணு கேட்டுச்சுங்க. "எண்ணெய்ச் சட்டியில கை பட்டதுன்னு நெனச்சீங்களே. அன்னிக்கு என்ன பலகாரம் போட்டாங்க?"

நெனப்பில்லீங்கன்னேன். அது மறுக்கா கேக்கலை. போயிட்டு வாங்கன்னுச்சு.

அதிலிருந்து அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. வடையா இருக்குமா, பணியாரமா இருக்குமான்னு நானும் பஸ் ஏறுனதிலிருந்து யோசிச்சுப் பாக்கறேன். நோம்பி முடிஞ்சு நாலாம் நாளுங்க. மொளகு முறுக்கு ரெண்டு டின்னு நெறைய மிச்சமிருந்துச்சு. நான் உண்டது கம்மஞ்சோறும் மோரும். அன்னிக்கு அடுப்புல எண்ணெய்ச் சட்டியே வெக்கலீங்க.

அதோ பாருங்க. கண்டக்டர் அவளுக்கு மீதிச் சில்லறை குடுக்கறாரு. டிக்கெட்டைப் பல்லுல கடிச்சுட்டு, இடது கையில சுருக்குப் பையை இழுத்து மூடறா. பன்னண்டு வருசமா அப்படித்தான் மூடறாளாட்டிருக்குது. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். பாய் சொன்ன மூணு வெரலு.

அவ பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்குது. எந்திரிச்சுப் போயி உக்காந்து ஒரு வார்த்தை கேட்டரலாம். கேட்டா மறைக்க மாட்டா, ஆமான்னு சொல்லிருவா. ஆனா கேட்டுப்போட்டா, வெள்ளிக்கிழமை பூசாரி துணியை எடுத்துட்டு வர்றப்ப நான் எந்த மொகத்தோட தலையைக் குனியறது? ஊரைக் கூட்டி, பட்டியைக் காத்தது இவதான்னு சொல்லோணும். பொம்பளை தலையில கட்ட மாட்டாங்க. நாச்சிமுத்து தலைக்குத்தான் போகும். கேக்காத வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாம கட்டிக்கறதுல தப்பில்லை, இல்லீங்களா?

பிரிவு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. சேர் விசயத்துல தீர்ப்புக் கேட்டேன் பாருங்க, அது வேண்டாம், உட்டுருங்க. அந்தப் பையை நீங்க எடுக்க வேண்டாங்க, அவ எடுத்துக்குவா. நான் கேக்காம இருக்க மாட்டேனுங்க. கட்டாயம் கேக்கறேன். வெள்ளிக்கிழமை முடியட்டும்.